குழாயின் மறுமுனை: ஆபத்தான பணியிடங்களில் சுவாசக் காற்றுக் கருவிகளைப் பயன்படுத்தவும் பராமரிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டின் பெயின்ட் கூடங்களிலும், கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலும், தருமபுரி மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளின் திப்பிக் (கிழங்குச் சக்கை) குழிகளிலும் வேலை செய்வோருக்காகவும், அவர்களை அங்கே அனுப்பும் மேற்பார்வையாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குழாய் வழியாகவோ சிலிண்டரிலிருந்தோ வெளிக்காற்றைக் கொண்டுவந்து மூக்கருகே சேர்க்கும் கருவிகள் இவர்களில் பலருக்கு அறிமுகமானவை. ஆனால் அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முகக்கவசத்தையே காட்டுகிறார்கள். குழாயின் மறுமுனையில் இருந்து காற்றை அழுத்தி அனுப்பும் கம்பிரசரைக் காட்டுபவர் அரிது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய பெயின்ட் கூடத்தில் பிற்பகல் வேளைகளில் தொழிலாளர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்துகொண்டிருந்தன. முகக்கவசங்கள் புதியவை, தரமானவை. வெயிலின் கோளாறு என்று அவர்கள் எண்ணினார்கள். நானும் இரண்டு நாள் முகக்கவசங்களையே கழற்றிக் கழற்றிச் சோதித்தேன். மூன்றாம் நாள் மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோதுதான் கட்டடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தேன். கம்பிரசர் காற்றை உறிஞ்சும் வாய்க்கும் ஜெனரேட்டரின் புகைபோக்கிக்கும் இடையே ஆறேழு அடிதான் இருந்தது. டீசல் புகையை வடிகட்டி, அழுத்தி, விலையுயர்ந்த முகக்கவசத்தின் வழியாக அந்த மனிதர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு நாளை நான் வீணாக்கியதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். அதனால்தான் இந்த வழிகாட்டியில் கம்பிரசருக்கு மற்றெல்லாவற்றையும்விட அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எந்த வேலைக்கு எந்தக் கருவி

வடிகட்டி பொருத்திய முகக்கவசம் அங்கே இருக்கும் காற்றைத்தான் சுத்தப்படுத்தும். இல்லாத ஆக்சிஜனை அது உண்டாக்காது. இயல்பான காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு இருக்கிறது. அது 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வடிகட்டி முகக்கவசத்தோடு யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே விழுக்காடு மாறாது என்றாலும் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குச் சேரும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. ஆகவே 19.5-க்குச் சற்று மேலே காட்டுகிறது என்று அங்கே மெத்தனமாக இருப்பது சரியல்ல.

கிழங்குத் திப்பியும் மாம்பழக் கழிவும் புளிக்கும்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிட்டு கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடுதான் இவற்றில் மிகவும் ஏமாற்றுவது. ஏறத்தாழ 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை எட்டியதும் அது மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவும் அதே 100 பி.பி.எம். தான். “நாத்தம் போயிடுச்சுண்ணா, இப்ப இறங்கலாம்” என்று தொட்டியருகே யாராவது சொன்னால், வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். நாற்றம் நின்றதற்கு வாயு குறைந்தது காரணமாக இருக்கலாம். வாயு கூடியதும் காரணமாக இருக்கலாம். கருவியில் அளந்து பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: காற்று திடீரென நின்றுபோனால், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அந்த மனிதர் தானாக நடந்து உயிரோடு வெளியே வர முடியுமா? முடியும் என்றால், கம்பிரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் சாதாரண ஏர்லைன் கருவி போதும். பெயின்ட் கூடமும், இரும்பு மணிகளை வேகமாக அடித்துத் துரு நீக்கும் ஷாட் பிளாஸ்டிங் அறையும் பெரும்பாலும் இந்த வகையில் சேரும். இரு கூறு பாலியூரித்தேன் பெயின்டில் உள்ள ஐசோசயனேட், மூக்குக்குத் தெரியாத அளவிலேயே ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வடிகட்டி தீர்ந்துபோனதை வாசனையால் அறிய முடியாது என்பதால், அந்த வேலைக்கு வடிகட்டியைவிட ஏர்லைனே ஏற்றது.

முடியாது என்றால், அதாவது தொட்டி, குழி, கிணறு, மூடிய கலன் போன்ற இடங்களில், இடுப்பில் தப்பிக்கும் சிலிண்டர் இணைத்த ஏர்லைன் கருவியோ, முதுகில் சுமக்கும் சிலிண்டர் கருவியோதான் வேண்டும். தப்பிக்கும் சிலிண்டரில் 5, 10 அல்லது 15 நிமிடக் காற்று இருக்கும். அது வெளியே வருவதற்கு மட்டுமே. மிச்ச வேலையை முடிப்பதற்கு அல்ல. உள்ளே எவ்வளவு வாயு இருக்கிறது என்று அளக்கப்படாத இடம் எதுவாக இருந்தாலும், அதை உயிராபத்தான இடமாகவே கருத வேண்டும்.

பாதுகாப்பின் அளவிலும் பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வகுத்த கணக்குப்படி தளர்வான தலைமூடிக்குக் காப்புக் காரணி 25. அழுத்தக் காற்றோடு இயங்கும் முழுமுகக் கவசத்துக்கு 1,000. நேர்மறை அழுத்தத்தில், அதாவது கவசத்துக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருக்கும்படி இயங்கும் முதுகுச் சிலிண்டர் கருவிக்கு 10,000. காரணி 1,000 என்றால், வெளியே இருக்கும் நச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வராது என்று பொருள். கவசம் முகத்தோடு சரியாகப் படிந்திருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். நம் நாட்டில் ஏர்லைன் கருவிகளுக்கு ஐ.எஸ். (இந்தியத் தரம்) 10245-இன் மூன்றாம் பகுதியும், தேர்வு, பயன்பாடு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஐ.எஸ். 9623-உம் உள்ளன. வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: காற்று பிறக்கும் இடம்

கம்பிரசர் காற்றை உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். ஜெனரேட்டர் புகைபோக்கி, லாரிகள் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் இடம், பாய்லர் புகைபோக்கி, பெயின்ட் கூடத்தின் வெளியேற்றும் விசிறி, கழிவுநீர்த் தொட்டியின் மூடி ஆகிய எதன் அருகிலும் அது இருக்கக் கூடாது. காற்று வீசும் திசை காலத்துக்குக் காலம் மாறும். தென்மேற்குப் பருவக்காற்றில் சரியாக இருந்த இடம் மார்கழியில் புகைக்கு நேராக வந்துவிடலாம். உறிஞ்சும் வாயை உயர்த்தி, சுத்தமான பக்கத்துக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோவது பெரிய செலவு அல்ல.

அடுத்து, கம்பிரசரின் வகை. எண்ணெய் ஊற்றி ஓடும் கம்பிரசர் அளவுக்கு மீறிச் சூடானால் அந்த எண்ணெயே கருகி கார்பன் மோனாக்சைடு உண்டாகும். வெளியே புகை எதுவும் இல்லாதபோதும் உள்ளிருந்தே நஞ்சு பிறக்கும் என்பதால், அப்படிப்பட்ட கம்பிரசரில் அதிகவெப்ப எச்சரிக்கை மணியோ, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியோ, இரண்டுமோ இருந்தாக வேண்டும். வெப்ப மணி மட்டும் இருந்தால், கார்பன் மோனாக்சைடு 10 பி.பி.எம்.-ஐத் தாண்டவில்லை என்பதை இடைவெளி விட்டு இடைவெளி அளந்துகொண்டே இருக்க வேண்டும். எண்ணெயில்லா கம்பிரசர் வாங்க முடிந்தால் அதுவே நல்லது. ஆனால் அதுவும் உறிஞ்சும் வாயில் வரும் புகையை அப்படியே கொடுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

வடிகட்டிகளைப் பற்றித்தான் அதிகமான தவறான எண்ணம் நிலவுகிறது. முதலில் நீரைப் பிரிக்கும் கலன், அடுத்து எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கும் நுண்வடிகட்டி, அதன் பிறகு வாசனையையும் ஆவியையும் உறிஞ்சும் செயலூட்டிய கரி என்பதே வழக்கமான வரிசை. இந்த மூன்றில் எதுவும் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. கரி வடிகட்டி போட்டிருப்பதால் பயமில்லை என்று சொல்பவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். கரி அந்த வாயுவை அப்படியே போகவிடும். அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற ஹாப்கலைட் போன்ற வினையூக்கி தனியாக வேண்டும். அந்த வினையூக்கியும் ஈரம் பட்டால் செயலிழந்துவிடும் என்பதால், அதற்கு முன் காற்றை உலர்த்தும் கட்டம் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் காற்றின் ஈரம் கூடும். அப்போது நீர் பிரிக்கும் கலனையும் காற்றுத் தொட்டியையும் ஒவ்வொரு பணிமுறைத் தொடக்கத்திலும் வடித்துவிட வேண்டும்.

சுவாசிக்கத் தகுந்த காற்றுக்கு உலகெங்கும் பரவலாகக் கொள்ளப்படும் கிரேடு டி அளவு இதுதான்: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காடு வரை. கார்பன் மோனாக்சைடு 10 பி.பி.எம்.-க்கு மேற்படாமல், கார்பன் டை ஆக்சைடு 1,000 பி.பி.எம்.-க்கு மேற்படாமல், எண்ணெய் ஒரு கன மீட்டரில் 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல், குறிப்பிடத்தக்க வாசனை இல்லாமல். ஐரோப்பியத் தரம் இதைவிடக் கடுமையானது. நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு ஆலையிலேயே இவற்றில் பெரும்பாலானவற்றை அளக்க முடியும். ஆய்வகச் சான்று வாங்கும் நாளில் ஜெனரேட்டர் நின்றிருந்தால் அந்தச் சான்றால் பயனில்லை. ஜெனரேட்டரும் லாரியும் ஓடும் நேரத்தில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

காற்று போதுமா என்பதையும் கணக்கிட வேண்டும். இறுக்கமான முகக்கவசத்துக்குத் தொடர் ஓட்டத்தில் நிமிடத்துக்குக் குறைந்தது 115 லிட்டரும், தளர்வான தலைமூடிக்கு 170 லிட்டரும் வேண்டும். மூன்று பேர் தலைமூடியோடு வேலை செய்தால் 510 லிட்டர். அதே கம்பிரசரிலிருந்து ஸ்பிரே துப்பாக்கிக்கும் காற்று போகிறது என்றால், துப்பாக்கியை அழுத்தும்போதெல்லாம் தலைமூடிக்குள் காற்று குறையும். சுவாசக் காற்றுக்குத் தனிக் கம்பிரசர் வைப்பதே என் பரிந்துரை. செலவு அதிகம்தான், ஆனால் இதில் சமாதானம் செய்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு தடைகளை எழுத்தில் ஒட்டி வையுங்கள். ஏர்லைன் குழாயில் சுத்த ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. குழாயில் படிந்திருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அது தீப்பற்றும். நைட்ரஜன் குழாயோடு பொருந்தும் கப்ளிங்கும் (குழாய்களை மாட்டும் இணைப்பு) சுவாசக் காற்றுக்கு இருக்கக் கூடாது. நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. சில மூச்சுகளிலேயே நினைவிழக்கச் செய்யும். ஆலையில் வேறு எந்த வாயுவுக்கும் பொருந்தாத ஒரு கப்ளிங் வகையைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுவாசக் காற்றுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும். நிறம் பூசுவதும் பெயர் எழுதுவதும் நல்லதுதான். ஆனால் இருட்டில் அவசரமாக மாட்டுபவரைத் தடுப்பது பொருந்தாத கப்ளிங் மட்டுமே.

மூன்றாம் படி: குழாய்

குழாயின் மொத்த நீளம் 300 அடியைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 90 மீட்டர். அழுத்தத்தை கம்பிரசரின் மீட்டரில் பார்த்தால் போதாது. எல்லோரும் ஒரே நேரத்தில் காற்றை எடுத்துக்கொண்டிருக்கும்போது, குழாயின் கடைசி முனையில் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரானைட் பட்டறையில் அறுத்த பலகையின் விளிம்பு கத்திபோல் இருக்கும்; அதன் மேல் குழாய் உரசிக்கொண்டு போகக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதை, சூடான குழாய், தின்னர் சிந்திய தரை ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் குழாயைச் சிறிது நேரம் காற்று ஊதிவிட்டே இணைக்க வேண்டும். திறந்து கிடக்கும் கப்ளிங்குக்குள் குளவி மண்கூடு கட்டும் ஊர் இது. ஊதாமல் மாட்டினால் அந்த மண் நேராக, காற்றின் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் போய் அடைக்கும். வேலை முடிந்ததும் இரு முனைகளுக்கும் மூடி போடுங்கள்.

நான்காம் படி: முகம்

முகக்கவசத்தின் ரப்பர் விளிம்பு தோலோடு படிந்தால்தான் அது காக்கும். இரண்டு நாள் தாடிகூட அந்த இடைவெளியைத் திறந்துவிடும். கார்த்திகையில் மாலை போடும் சபரிமலை பக்தர்களும், தைப்பூசத்துக்கு விரதமிருப்பவர்களும் நம் ஆலைகளில் ஏராளம். அவர்களை மழிக்கச் சொல்வதும் தவறு, தாடியோடு இறுக்கமான முகக்கவசம் மாட்டித் தொட்டிக்குள் இறக்குவதும் தவறு. அந்த நாட்களுக்கு அவர்களைத் தளர்வான தலைமூடி போதுமான வேலைக்கோ, மேலே நின்று கவனிக்கும் பணிக்கோ மாற்றும் அட்டவணையை ஐப்பசியிலேயே தயாரித்துவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

மூக்குக்கண்ணாடியின் காது முழுமுகக் கவசத்தின் விளிம்பை உடைக்கும். கவசத்துக்குள்ளேயே பொருத்தும் கண்ணாடிச் சட்டம் தனியாகக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும், அவர் அணியும் அதே வகை, அதே அளவு கவசத்தில், அது முகத்தோடு கசிவின்றிப் படிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனை செய்ய வேண்டும்; எடை பெரிதாகக் கூடினாலோ குறைந்தாலோ, பல் எடுத்தாலோ மறுபடியும் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு முறை அணியும்போதும் செய்ய வேண்டியது வேறு. கவசத்தை முகத்தில் வைத்து, கீழ்ப்பட்டைகளை முதலிலும் மேற்பட்டைகளைப் பிறகும் இழுத்துச் சமமாக இறுக்குங்கள். காற்று நுழையும் வாயை உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுங்கள். கவசம் முகத்தோடு ஒட்டிக்கொண்டு பத்து நொடி அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டையை மட்டும் இன்னும் இறுக்கி ஓட்டுவது சரியான தீர்வு அல்ல.

ஐந்தாம் படி: இறங்குதல்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சு வாயு இருக்கக்கூடிய கலனுக்குள் இறங்குபவருக்குத் தகுதியுள்ளவரின் எழுத்துச் சான்று வேண்டும், இல்லையேல் தகுந்த சுவாசக் கருவியும், வெளியே நிற்பவர் கையில் பிடித்திருக்கும் கயிற்றோடு இணைந்த பெல்டும் வேண்டும் என்று சொன்னது. வெளியே நிற்கும் அந்த மனிதரைப் பற்றி ஒரு சட்டம் அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. நான் எழுத்துச் சான்று, கருவி, கயிறு மூன்றையும் சேர்த்தே கேட்பேன்.

மூடியைத் திறந்தவுடன் இறங்கக் கூடாது. முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பிறகு நச்சு வாயு என்ற வரிசையில் அளக்க வேண்டும். பெரும்பாலான எரிவாயு உணரிகள் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தவறாகக் காட்டும் என்பதால்தான் இந்த வரிசை. மீத்தேனும் அமோனியாவும் காற்றைவிட லேசானவை, ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் டை ஆக்சைடும் கனமானவை; எனவே மேலே, நடுவே, அடியில் என மூன்று மட்டங்களிலும் அளக்க வேண்டும். எரியும் வாயு கீழ் எரிவரம்பில் (தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த அளவில்) 10 விழுக்காட்டைத் தாண்டினால் எந்தச் சுவாசக் கருவியோடும் இறங்கக் கூடாது. கருவி மூச்சைக் காக்கும், தீயிலிருந்து காக்காது. திப்பியைக் கிளறினால் அடியில் சிக்கியிருந்த வாயு ஒரேயடியாக வெளிவரும் என்பதால், வாயு அளக்கும் கருவி வேலை முடியும்வரை உடலிலேயே இருக்க வேண்டும்.

முதுகுச் சிலிண்டரோடு இறங்குபவர் கணக்கை மேலேயே முடித்துவிட வேண்டும். 6.8 லிட்டர் சிலிண்டர் 300 பார் அழுத்தத்தில் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 2,040 லிட்டர் காற்று. உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவு. எச்சரிக்கை விசில் ஏறத்தாழ 55 பாரில் ஒலிக்கும். அதுவரையுள்ள 1,660 லிட்டரை நிமிடத்துக்கு 40 லிட்டராகச் சுவாசித்தால் 41 நிமிடம் வரும். ஆனால் ஏணியில் ஏறி, ஈரத் திப்பியை வாரும் மனிதர் 80 லிட்டர் இழுப்பார். அவருக்கு 20 நிமிடம்தான். விசில் ஒலிக்கும் நேரத்தில் அவர் ஏற்கெனவே வெளியே இருக்க வேண்டும்.

மேலே நிற்பவருக்கு ஒரே வேலை, மேலே நிற்பது. அவரை டீ வாங்கவோ வால்வு மூடவோ அனுப்பக் கூடாது. ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் குழாயை விடு, மூன்று என்றால் தூக்கு என்பது போல் கயிற்றுச் சைகைகளை முன்கூட்டியே பேசிவைத்து, இறங்கும் முன் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். கீழே இருப்பவர் சாய்ந்தால், மேலே நிற்பவர், தொட்டி வாயின் மேல் நிறுத்திய முக்காலியின் கைச்சுழலியால் (கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவி) தூக்க வேண்டும், 108-ஐயும் 101-ஐயும் அழைக்க வேண்டும். கருவியில்லாமல் இறங்கக் கூடாது. கீழே கிடப்பவர் தம்பியாகவோ மச்சானாகவோ இருக்கும்போது இதைக் கேட்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும். தொட்டி விபத்துகளில் ஒருவருக்குப் பின் ஒருவராக உயிர் போவது இந்தப் பாசத்தால்தான். அதனால் கைச்சுழலி இல்லாத இடத்தில் யாரையும் இறக்கவே கூடாது.

உள்ளே இருக்கும்போது தலைவலி, தலைச்சுற்றல், எண்ணெய் வாசனை, மூச்சு இழுக்கக் கடினம் ஆகிய எது தோன்றினாலும் காரணத்தை ஆராயாமல் வெளியே வர வேண்டும். குழாய் போன வழியிலேயே திரும்ப வேண்டும்.

ஆறாம் படி: கழுவுதல், உலர்த்துதல், சோதித்தல்

பயன்படுத்திய அன்றே கவசத்தைப் பிரித்து, 43 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கலந்து, மிருதுவான தூரிகையால் கழுவ வேண்டும். பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்று தின்னரால் துடைத்தால் ரப்பர் உப்பி வெடிக்கும், முகக்கண்ணாடி மங்கும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டர் வீட்டு பிளீச்சிங் திரவம் கலந்து இரண்டு நிமிடம் ஊறவைத்தால் கிருமி நீங்கும். பிறகு நல்ல நீரில் நன்றாக அலச வேண்டும், இல்லையேல் மிச்சமிருக்கும் குளோரின் முகத்தை எரிக்கும். சித்திரை வெயிலில் காயப்போட்டால் ரப்பர் சீக்கிரம் முதுமையடையும். நிழலில், விளிம்பு மடங்காமல், பட்டையில் தொங்கவிடாமல் உலர்த்த வேண்டும்.

மூச்சு வெளியேறும் வால்வை விரலால் தூக்கிப் பாருங்கள். ஒரு முடி, ஒரு பெயின்ட் செதில் அங்கே சிக்கியிருந்தாலும் வால்வு மூடாது. வெளிக்காற்று உள்ளே வரும். மற்றச் சோதனைகளில் பலவற்றைச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம், இதற்கு மட்டும் நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் வால்வைப் பொருத்தக் கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பருமன் மாறும்.

சிலிண்டரைப் பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை அழுத்தத்தையும் விசிலையும் சோதிக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே நிரப்ப வேண்டும். கழுத்தில் பொறித்திருக்கும் நீரழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்கள். வழக்கமாக 5 ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனை வேண்டும். தேதி கடந்த சிலிண்டரை நிரப்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. ரெகுலேட்டரைத் தயாரிப்பாளரிடம் பயிற்சி பெற்றவர் மட்டுமே திறக்க வேண்டும்.

வடிகட்டி மாற்றிய நாள், காற்று அளந்த நாள், அப்போது கிடைத்த எண்கள், அளந்தவர் கையெழுத்து ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தக் குறிப்பேடு மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் இருக்கக் கூடாது. இரவுப் பணிமுறைக்கு வந்து, குழாயை மாட்டுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி, கம்பிரசர் அறையின் கதவில் கயிறு கட்டித் தொங்க வேண்டும்.